680 ரூபாய் ராட்செட்டும் நாலு தையலும்

"அண்ணே, தலை மடங்குற ராட்செட் ஒண்ணு ஆன்லைன்ல 700 ரூபாய்க்குள்ள கெடக்கு. வாங்கலாமா? நீங்கதான் ஒண்ணு வச்சிருக்கீங்களே."

போன வாரம் சித்தப்பா மகன் வேளச்சேரியிலேர்ந்து போன் பண்ணிக் கேட்டான். பத்து வருசப் பழைய கார் ஒண்ணு, பைக் ஒண்ணு வச்சிருக்கான். அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல தூணுக்குப் பக்கத்துல ஒரு இரும்புப் பெட்டி போட்டு, சின்னச் சின்ன வேலையை எல்லாம் தானே பாத்துக்கிறதா இருக்கான். சர்வீஸ் பில்லு பாத்துச் சூடு கண்டவன். நல்ல காரியம்தான். ஆனா அவன் கேட்ட கேள்விக்கு "வாங்கு"ன்னோ "வாங்காத"ன்னோ ஒத்தை வார்த்தையில சொல்ல எனக்கு முடியல. என் வலது கை ஆள்காட்டி விரல் முட்டிக்குக் கீழ ஒரு தழும்பு இருக்கு. அந்த ராட்செட்டைப் பத்திப் பேசினா கூடவே அதையும் பேசணும். அதனால அரைமணி நேரம் போன்ல சொன்னதை இங்க எழுதி வைக்கிறேன். இதே கேள்வி உங்கள்ல சில பேருக்கும் இருக்கலாம்.

தெரியாதவங்களுக்கு முதல்ல கொஞ்சம். ராட்செட்டுங்கிறது ஸ்பேனர் மாதிரிதான், ஆனா போல்ட்டு தலையிலேர்ந்து எடுத்து எடுத்து மாட்ட வேண்டியதில்லை. ஒரு பக்கம் திருப்பினா போல்ட்டு சுத்தும், கைப்பிடியைத் திருப்பிக் கொண்டாந்தா 'கிர்ர்ர்'னு சத்தத்தோட சும்மா வரும். உள்ள ஒரு பல்சக்கரம், அதுல விழுந்து பிடிக்க ஒரு நாக்கு, நாக்கைத் தள்ளி வைக்க ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான் சங்கதி. தலை மடங்குற ராட்செட்டுல தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு மூட்டு இருக்கும். நம்ம மணிக்கட்டு மாதிரி. நேரா கை போகாத இடத்துல கைப்பிடியைத் தூக்கிச் சாய்ச்சு வச்சு வேலை பார்க்கலாம்.

நான் அதை வாங்கின கதை குறுவை சமயத்துல நடந்தது.

எங்க பக்கம் ஜூன் 12 மேட்டூர் தொறப்பை வச்சுத்தான் எல்லாக் கணக்கும். அந்த வருசம் எங்க வாய்க்கால்ல முறை வச்சுத் தண்ணி. எங்களுக்கு உள்ள நாள்ல வயல்ல தண்ணி கட்டி, சேத்துழவு ஓட்டி முடிச்சுடணும், விட்டா அடுத்த முறை வரைக்கும் காத்துக் கெடக்கணும். நாத்தங்கால்ல நாத்துக்கு இருபது நாள் தாண்டிருச்சு. குறுவை நாத்து குறுகிய வயசு, நாத்தங்கால்லயே வயசாக விட்டா நட்டப்புறம் தூர் கட்டாது. அந்த நேரம் பார்த்து டிராக்டர் ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணிருச்சு. சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அப்புறம் மௌனம்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டா "ரெண்டு நாள்ல வரேண்ணே"ங்கிறாரு. அவரைக் குத்தம் சொல்லிப் பயனில்ல. சுத்துப்பட்டுல இருக்கிற வண்டி அத்தனைக்கும் அவரு ஒருத்தர்தான், அத்தனை வண்டிக்கும் நோவு வர்றது அந்தப் பத்து நாள்லதான். "மோட்டாரைக் கழட்டி எடுத்துட்டு வந்தீங்கன்னா ராத்திரிக்குள்ள சரி பண்ணித் தரேன்"னாரு. கழட்டுறதுதான் சிக்கல். கீழ் போல்ட்டு கைக்கு வந்திருச்சு. மேல் போல்ட்டு இஞ்சினுக்கும் ஒரு பைப்புக்கும் நடுவுல ஒளிஞ்சு உக்காந்திருந்துச்சு. ரிங் ஸ்பேனர் உள்ள போகுது, திருப்ப எடமில்ல. என்கிட்ட அப்ப இருந்த பழைய ராட்செட்டு 24 பல்லு. அதுல ஒரு பல்லு நகரணும்னா கைப்பிடி 15 டிகிரி போகணும். 25 சென்டிமீட்டர் கைப்பிடி நுனியில அது ஆறரை சென்டிமீட்டர். அங்க எனக்குக் கெடைச்ச இடம் கட்டை விரல் நீளம்கூட இல்ல.

பக்கத்து ஊர்ல ஒரு பையன் ஆன்லைன்ல வாங்கி வச்சிருந்த மடங்கு தலை ராட்செட்டை ஓடிப்போய் வாங்கியாந்தேன். 72 பல்லு. 5 டிகிரிக்கு ஒரு தடவை பிடிக்கும், அதாவது நுனியில ரெண்டு சென்டிமீட்டர் அசைவு போதும். தலையைக் கொஞ்சம் மடக்கி, பைப்பைத் தாண்டிக் கைப்பிடியை வெளிய கொண்டாந்து, டிக் டிக் டிக்னு இருபது நிமிசத்துல போல்ட்டு கையில. பேட்டரி எர்த்தை மொதல்லயே கழட்டி வச்சிருந்தேன்னு சொல்லிக்கிறேன். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துல நீள இரும்பை விட்டு ஆட்டும்போது அது அந்தத் தடிச்ச வயர் முனையையும் இஞ்சினையும் ஒண்ணா தொட்டா அடுப்பு பத்தவச்ச மாதிரி ஆயிரும். காருக்கும் அதே கதைதான் தம்பி, எர்த்தைக் கழட்டாம ஸ்டார்ட்டர் பக்கம், ஆல்டர்னேட்டர் பக்கம் போகாத.

மறுநாள் காலையில வண்டி கெளம்பிருச்சு. அந்த சந்தோசத்துல எனக்குன்னு ஒண்ணு அதே மாதிரி ஆர்டர் போட்டேன். 680 ரூபாய். நாலு நூல் சைஸ். நகரத்துக்காரங்களுக்கு: ஒரு நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு, நாலு நூல்னா அரை இஞ்ச். சாக்கெட் மாட்டுற சதுரக் கட்டையோட அளவு அது.

வந்து சேர்ந்ததைப் பார்த்தா கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. கைப்பிடியில 'குரோம் வனேடியம்'னு அச்சு. நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த எழுத்தைப் பார்த்துத்தான் ஏமாறுறோம். குரோம் வனேடியம்ங்கிறது எஃகோட வகை, அது நல்ல வகைதான். ஆனா எஃகு நல்லதா இருந்தா மட்டும் போதுமா? எங்க ஊர்ப் பட்டறையில ஒரே லாரி பிளேட்டை வெட்டி ரெண்டு அருவா அடிப்பாங்க. ஒண்ணு பத்து வருசம் உழைக்கும், இன்னொண்ணு முதல் மட்டையிலயே வாய் மடங்கும். வித்தியாசம் துவைச்சல்ல இருக்கு. காய வச்ச இரும்பை எந்தப் பதத்துல முக்கி எடுக்கிறாங்கங்கிறதுல. அதிகமா இறுகினா கண்ணாடி மாதிரி சில்லு பேரும், போதலைன்னா ஈயம் மாதிரி மழுங்கும். ராட்செட்டுக்குள்ள இருக்கிற அந்தச் சின்ன நாக்குக்கும் அதே விதிதான். அதோட துவைச்சலை வெளிய இருந்து யாரும் பார்க்க முடியாது. வெள்ளிப் பூச்சைப் பார்த்து ராட்செட் வாங்குறது பெயிண்ட்டைப் பார்த்து டிராக்டர் வாங்குறதுதான்.

சரி, தழும்புக்கு வர்றேன்.

ஸ்டார்ட்டர் முடிஞ்ச கையோட ரோட்டவேட்டர் கத்தியை மாத்திடலாம்னு உக்காந்தேன். எங்களது அஞ்சடி ரோட்டவேட்டர், 36 கத்தி. கத்திக்கு ரெண்டு போல்ட்டு, ஆக 72 போல்ட்டு. ராட்செட்டுக்கும் 72 பல்லு, பொருத்தம் பாத்து வாங்கின மாதிரி இருக்குன்னு சிரிச்சுக்கிட்டேன். இஞ்சினை நிறுத்தி, ரோட்டவேட்டருக்கு அடியில கட்டை கொடுத்து, ஒவ்வொண்ணா கழட்டினேன். புதுசா போட்டிருந்த போல்ட்டெல்லாம் அழகா வந்துச்சு. போன சம்பாவுலேர்ந்து சேத்துலயே ஊறிக் கெடந்த ஒரு பத்துப் பதினைஞ்சு மட்டும் அசையல.

அங்கதான் நம்ம ஊர் வழக்கம் தலைகாட்டுச்சு. எங்க அப்பா காலத்துலேர்ந்து கொட்டாயில ஒரு ரெண்டடி ஜிஐ பைப்பு சாத்தி இருக்கும். எந்த ஸ்பேனர் அசையலேன்னாலும் பின்னாடி அந்தப் பைப்பை மாட்டி ஏறி உக்கார்றது. ராட்செட்டு கைப்பிடிக்கு அந்தப் பைப்பு அச்சா பொருந்துச்சு. மாட்டி ஒரு அழுத்து. அசையல. இன்னொரு அழுத்து, உடம்பைக் குடுத்து. உள்ள நாக்கு பல்லைவிட்டு நழுவிருச்சு. பிடிமானம் போனதும் என் கை அப்படியே போய்ப் பக்கத்துக் கத்தி விளிம்புல இடிச்சுது. தோல் பிரிஞ்சு வெள்ளையா உள்ள தெரிஞ்சுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல நாலு தையல், ஒரு டிடி ஊசி. துருவும் சேறும் சேர்ந்த இரும்பு பட்ட காயம், அந்த ஊசியை மட்டும் யாரும் அலட்சியம் பண்ணாதீங்க.

பத்து நாளைக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. முறைத் தண்ணியோ நாளைக்கு மறுநாள். பக்கத்துக் கிராமத்துலேர்ந்து வாடகை வண்டியைக் கூப்பிட்டு, மணிக்கு 1,200 ரூபாய் கணக்குல நாலு மணி நேரம், 4,800 ரூபாய் கொடுத்துச் சேத்துழவு ஓட்டினேன். சொந்த வண்டி கொட்டாயில நிக்குது, நான் வரப்புல கையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். அம்மா பேசின பேச்சு தனி.

கை ஆறின பிறகு அந்த ராட்செட்டை விடல. என்னதான் நடந்துச்சுன்னு பார்த்துடணும்னு தலையில இருக்கிற ரெண்டு சின்ன ஸ்குருவைக் கழட்டித் திறந்தேன். உள்ள கிரீஸ்ங்கிற பேர்ல மெழுகு மாதிரி இறுகிப்போன ஏதோ ஒண்ணு. அதுல சேத்துப் பொடி ஒட்டி அப்பிக் கெடந்துச்சு. நாக்கோட முனையில ரெண்டு பல்லு சில்லு பேந்திருந்துச்சு. பல்சக்கரத்துக்கு ஒண்ணும் ஆகல. 72 பல்லுங்கிறது எவ்வளவு பொடின்னு அப்பத்தான் கண்ணால பார்த்தேன். சீப்புப் பல்லைவிடச் சின்னது. அந்தப் பள்ளத்துல ஒரு மணல் பருக்கை உக்காந்தாலே நாக்கு முழுசா இறங்காது. முழுசா இறங்காத நாக்கு, முனையில மட்டும்தான் பிடிக்கும். முனையில பிடிச்சா சில்லு பேராம என்ன செய்யும்? என்னோட பழைய 24 பல்லு ராட்செட்டு எங்க அப்பா வாங்கினது, சேறு, புழுதி, உமி எல்லாம் தின்னுட்டு இன்னைக்கும் பிடிக்குது. பல்லு பெருசு, பள்ளம் ஆழம். பல்லு எண்ணிக்கை கூடக் கூட உசத்தின்னு விளம்பரத்துல போடுறாங்க. இடுக்குல வேலை பார்க்க அது நிஜம். சேத்துல வேலை பார்க்க இல்ல.

டீசல்ல கழுவித் துடைச்சு, ரெண்டு சொட்டு இஞ்சின் ஆயில் விட்டு மூடினேன். கெட்டி கிரீஸை அள்ளி அப்பக் கூடாது, ஸ்பிரிங்கால நாக்கைத் தள்ள முடியாம நழுவும்.

அப்புறம் ஒரு சோதனை. கொட்டாயில பெஞ்ச் வைஸ் இருக்கு. அதுல ஒரு பெரிய போல்ட்டைப் படுக்க வாட்டத்துல இறுக்கினேன். சாக்கெட், ராட்செட் மாட்டிக் கைப்பிடியைக் கிடைமட்டமா நிறுத்தினேன். போல்ட்டு நடுவுலேர்ந்து 25 சென்டிமீட்டர்ல கயிறு கட்டி ஒரு யூரியா மூட்டையைத் தொங்க விட்டேன். இப்ப யூரியா மூட்டை 45 கிலோ. கணக்கு போட்டா ஏறக்குறைய 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கார் வீல் நட்டுக்குச் சொல்ற இறுக்கம் பெரும்பாலும் 80லேர்ந்து 120க்குள்ளதான், அதனால நம்ம தம்பிக்கு இது நல்ல அளவுகோல். பத்து நிமிசம் தொங்க விட்டேன். ராட்செட்டு அசையல. மூட்டுப் பின்னு வளையல. சரிதான்னு பக்கத்துல ஒரு டிஏபி மூட்டையையும் சேர்த்தேன். அது 50 கிலோ. மொத்தம் 95 கிலோ, 230 நியூட்டன் மீட்டருக்கு மேல. 'டக்'. ஒரு பல்லு தாண்டிருச்சு. மூட்டை கீழ. இந்த முறை நான் நாலடி தள்ளி நின்னேன், கத்துக்கிட்டோம்ல.

முனை பேந்த நாக்கை வச்சுப் பண்ணின சோதனை இது, புது ராட்செட்டுக்கு இது முழு நியாயம் இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா ரெண்டடி பைப்பைப் போட்டு நான் என் உடம்புல 60 கிலோவைக் குடுத்து அழுத்தினேன் பாருங்க, அந்த முறுக்கு 350 நியூட்டன் மீட்டர். 680 ரூபாய் மூட்டு ராட்செட்டுக்கிட்ட அதைக் கேட்டது என் தப்பு. வித்தவன் பேரை நான் இங்க எழுதாததுக்கும் அதுதான் காரணம். இடுக்குல இருக்கிற போல்ட்டைச் சுத்தறதுக்குன்னு செஞ்ச சாமானை, துருப்பிடிச்ச போல்ட்டை உடைக்க எடுத்தேன். கன்னுக்குட்டியைக் கவலை இழுக்கப் பூட்டின மாதிரி.

அசையாத போல்ட்டை உடைக்கப் பல்லே இல்லாத சாமான்தான் சரி. எல் ராடு, டி ராடு, இல்லைன்னா மொத்தமான ரிங் ஸ்பேனர். அதுல நழுவ நாக்குமில்ல, பேர முனையுமில்ல. முதல் நாள் ராத்திரியே டீசலோ துரு எண்ணெயோ விட்டு வச்சிட்டு, காலையில எல் ராடு போட்டு ஒரு 'க்ரக்' கேக்குற வரைக்கும் உடைச்சு விடணும். அதுக்கப்புறம் ராட்செட்டைக் கொண்டா. அது ஓட்டறதுக்குத்தான், உடைக்கிறதுக்கு இல்ல. இந்த ரெண்டு சாமானும் வச்சிருக்கிறவன்தான் விலை குறைஞ்ச ராட்செட்டு வாங்கலாம்னு நான் சொல்லுவேன். எல் ராடு ஒண்ணும் பெரிய விலை இல்ல. தம்பிகிட்ட நான் முதல்ல கேட்டதும் அதான்: "எல் ராடு இருக்காடா?" "அது என்னண்ணே?" ன்னான். அப்ப ராட்செட்டு பேச்சு அப்புறம்.

இன்னொரு விசயம், தலையை மடக்கினா முறுக்கு குறையும். கைப்பிடி போல்ட்டுக்கு நேர் குறுக்கா இருக்கும்போது உங்க முழு பலமும் போல்ட்டைத் திருப்பப் போகும். தலையை 45 டிகிரி மடக்கிட்டா பத்துல ஏழு பங்குதான் திருப்பறதுக்குப் போகும். மீதி சும்மா போகாது. சாக்கெட்டைப் போல்ட்டு தலையிலேர்ந்து சாய்ச்சு எடுக்கப் பார்க்கும். போல்ட்டு மூலை மழுங்கறது அங்கதான். அதனால இறுக்கம் விடுற முதல் திருப்புக்கும், மாட்டும்போது கடைசித் திருப்புக்கும் தலையை முடிஞ்ச மட்டும் நேரா வை. நடுவுல ஓட்டும்போது எப்படி வேணா மடக்கிக்க. அதேபோல வீல் நட்டைக் கடைசியா இறுக்க ராட்செட்டு வேண்டாம், டார்க் ரெஞ்சு ஒண்ணை யார்கிட்டயாவது வாங்கியாவது போடு.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்னா, என்னைக் கேட்டா மூட்டைத்தான் முதல்ல பார்ப்பேன். விலை குறைஞ்சதுல மூட்டு ஒரு பின்னும் ஒரு வளைஞ்ச வாஷரும்தான். புதுசுல விறைப்பா நிக்கும், ரெண்டு மாசத்துல தலை தூங்கி விழுற கோழி மாதிரி தொங்க ஆரம்பிக்கும். ஒரு கையால சாக்கெட்டைப் பொருத்தும்போது தலை அந்தப் பக்கம் சாயறது எவ்வளவு எரிச்சல்னு பட்டவனுக்குத் தெரியும். பின்னுக்குப் பதிலா இறுக்கிக்கிற மாதிரி ஸ்குரு இருந்தா தேவலாம். அழுத்துனா விடுற பொத்தானோட, படிப்படியா நிக்கிற மூட்டும் உண்டு. அது விலை கூட.

அப்புறம் திரும்பி வர்ற இழுப்பு. கையில பிடிச்சுக்கிட்டு சதுரக் கட்டையை ரெண்டு விரலால திருப்பிப் பாரு. லேசா, ஒரே சீரா வரணும். கெட்டியா இருந்தா இடுக்குல வேலைக்கு ஆகாது. ஏன்னா லூசான போல்ட்டுல நீ கைப்பிடியைத் திருப்பிக் கொண்டாறப்ப, போல்ட்டும் சேர்ந்து திரும்பி வந்துரும். நாள் பூரா சுத்துவ, போல்ட்டு அங்கயே இருக்கும். இதைப் படத்துல பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் கடைக்குப் போன்னு சொல்றேன். சென்னையில இருந்துக்கிட்டு ஆன்லைன்ல வாங்குவானேன்? புதுப்பேட்டையும் பாரிமுனையும் எதுக்கு இருக்கு? அங்க கையில எடுத்து மடக்கி, திருப்பி, சத்தம் கேட்டு வாங்கலாம். நாங்கதான் நாப்பது கிலோமீட்டர் போகணும்.

பல்லு எண்ணிக்கை நிஜமான்னு பார்க்கவும் வழி இருக்கு. சாக்கெட்டுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, ஒரு முழுச் சுத்துக்கு எத்தனை 'டிக்'னு எண்ணு. என்னோடது சொன்ன மாதிரியே 72 இருந்துச்சு. அதுல பொய் இல்ல.

சாக்கெட்டைப் பட்டுன்னு கழட்ட பின்னாடி ஒரு பொத்தான் வச்சு வருதே, அது இருந்தா நல்லது. எண்ணெய்க் கையோட சாக்கெட்டைப் பிடுங்கறது சாமானியம் இல்ல. அந்தப் பொத்தானுக்கு ஒரு கதை உண்டு. 1960கள்ல அமெரிக்காவுல சியர்ஸ் கடையில வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ்ங்கிற 18 வயசுப் பையன் கண்டுபிடிச்சது அது. 10,000 டாலருக்கு உரிமையை எழுதிக் குடுத்துட்டு, அதோட உண்மையான மதிப்பு தெரிஞ்சப்புறம் வழக்குப் போட்டு, 1989ல்தான் சமரசத்துல முடிஞ்சுது. இருபது வருச வழக்கு. வாய்க்கா வரப்பு வழக்கெல்லாம் நம்ம ஊர்ல மட்டும்தான் இழுக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

என்னோட அபிப்பிராயம் ஒண்ணு, இதுல யாராவது மாறுபட்டா படட்டும்: ராட்செட்டுல மிச்சம் பிடிக்கலாம், சாக்கெட்டுல மிச்சம் பிடிக்காத. ராட்செட்டு நழுவினா நாக்கு போகும், அதைப் பைப்பு போடாம வச்சிருந்தா கையும் போகாது. சாக்கெட்டு சொத்தையா இருந்தா போல்ட்டு தலையே போகும். மழுங்கின போல்ட்டை எடுக்க வெல்டிங் பட்டறைக்குப் போனவனுக்குத் தெரியும் அந்த அருமை. ஆறு மூலை சாக்கெட்டு வாங்கு, பன்னெண்டு மூலை வேண்டாம். ஆறு மூலை போல்ட்டோட பக்கத்தைப் பிடிக்கும், பன்னெண்டு மூலை முனைக்கிட்டப் பிடிக்கும். நல்ல பேரெடுத்த கம்பெனி சாக்கெட்டா உனக்கு வேண்டிய அஞ்சாறு சைஸ் மட்டும், 10, 12, 13, 14, 17, 19ன்னு தனித்தனியா எடு. 40 சாமான் பெட்டி எடுத்தா அதுல முப்பது பெட்டியிலயே கிழமாகும்.

எங்களை மாதிரிப் பழைய டிராக்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இதுல இன்னொரு தலைவலி உண்டு. பிரிட்டிஷ் வடிவமைப்புல வந்த வண்டிகள்ல அங்குல அளவு போல்ட்டு. முக்கால் அங்குலம்னா 19.05 மில்லிமீட்டர், 19 சாக்கெட்டு பெரும்பாலும் போயிரும். அஞ்சு நூல்னா 15.9, அதுக்கு 16 சரி. ஆனா பதினாறுல ஒன்பது அங்குலம் 14.29. 14 உள்ள போகாது, 15 போட்டா ஆடும். ஆடறதைப் போட்டுத்தான் ஊர்ல பாதி போல்ட்டு மழுங்கிக் கெடக்கு. ரெண்டாங்கை டிராக்டர் பார்க்கப் போனா நான் போல்ட்டு தலைகளைத்தான் முதல்ல பார்ப்பேன். முன்னாடி வச்சிருந்தவன் எப்படிப்பட்டவன்னு அது சொல்லிரும். தம்பி காருக்கு இந்தத் தொல்லை இல்ல, எல்லாம் மில்லிமீட்டர்தான். அவனுக்கு நாலு நூல்கூட வேண்டாம், மூணு நூல் சைஸ் போதும். தலை சின்னது, இஞ்சின் பக்கத்து இடுக்குல நல்லா போகும். வீல் நட்டுக்கு மட்டும் நாலு நூல் எல் ராடு.

காசு கணக்கு பேசினா, என்னைப் பொறுத்தவரை அந்த 680 ரூபாய் வீண் இல்ல. அன்னைக்கு அந்த இரவல் ராட்செட்டு கிடைக்கலேன்னா ரெண்டு நாள் போயிருக்கும், முறைத் தண்ணி போயிருக்கும். மூணு மடங்கு விலையில நல்லதா ஒண்ணு வாங்கியிருக்கலாமேன்னு கேட்டீங்கன்னா, வருசத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிற சாமானுக்கு என்னால அவ்வளவு போட முடியாது. தினமும் கையில பிடிக்கிற மெக்கானிக் நல்லதைத்தான் வாங்கணும். நான் பிடிக்கிறது அருவாளும் மம்பட்டியும். அதுல நான் மிச்சம் பார்க்கிறதில்ல. 4,800 ரூபாயும் நாலு தையலும் ராட்செட்டு கணக்குல எழுதலாமா, பைப்பு கணக்குல எழுதலாமான்னு வீட்டுல இன்னும் பேச்சு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அம்மா ராட்செட்டு கணக்குல எழுதுறாங்க.

அந்த நாக்கை மட்டும் தனியா வாங்க முடியுமான்னு தேடிப் பார்த்தேன். பெரிய கம்பெனி சாமான்கள் சிலதுக்கு நாக்கு, ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் ஒரு சின்னப் பொட்டலமா தனியா கிடைக்குது. இந்த மாதிரிச் சாமானுக்குக் கிடைக்கல. விலை கூடக் குடுக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஒரே நியாயமான காரணம் இதுதான், பளபளப்பு இல்ல. எங்க பட்டறைக்காரர்கிட்ட நாக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இவ்வளவு பொடிப் பல்லை அரத்துல ராவ முடியாது தம்பி, ஆனா பேந்த பக்கத்தைத் திருப்பிப் போடு, மத்த பக்கம் நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. நாக்குக்கு ரெண்டு பக்கமும் பல்லு உண்டு, கழட்டறதுக்கு ஒரு பக்கம், இறுக்கறதுக்கு ஒரு பக்கம். எனக்கு உதிச்சிருக்கணும். திருப்பிப் போட்டேன். இப்ப கழட்டறதுக்கு நல்லா பிடிக்குது. இறுக்கும்போது மட்டும் மெதுவா கை வைக்கிறேன், கடைசி இறுக்கத்துக்கு ரிங் ஸ்பேனர்.

பழைய துணியில சுத்தி, டிராக்டர் பெட்டியில இல்லாம, புழுதி படாத இடமா வீட்டுக்குள்ள அலமாரியில வச்சிருக்கேன். ரெண்டடிப் பைப்பைக் கொட்டாயிலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போய்ப் புடலைப் பந்தலுக்குக் காலா நட்டாச்சு. தம்பி நேத்து மறுபடி போன் பண்ணினான். எல் ராடு வாங்கிட்டானாம். "அண்ணே, ஆன்லைன்ல அதோட ஒரு எக்ஸ்டென்ஷன் பைப்பும் இலவசமாக் குடுத்தாங்க"ன்னான்.